பவளத்தின் டொய்ங்

என் வலது காதில் பதினோரு வருஷமாகச் சீழ் வடிகிறது. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாள் கிடையாது.

இதைப் படித்ததும் உங்களுக்கு அருவருப்பு வரும். பரவாயில்லை, உங்கள் காதில் காதோலை இருக்கிறது, இரண்டு விநாடியில் அது அடங்கிவிடும். எனக்கு அந்த வசதி இல்லை. காதோலை ஜோடியாகத்தான் வேலை செய்யும், சீழ்க் காதில் அதை மாட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த மதுரையில் திறந்த காதோடு திரிகிற சில நூறு பேரில் நானும் ஒருவன். பெயர் வீரணன், லிப்ட் மெக்கானிக்.

இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்காகக் காதோலை என்றால் என்னவென்று சொல்லிவைக்கிறேன். மிளகு அளவில் ஒரு தோடு. காது மடலில் ஓடுகிற ரத்தத்தை வைத்தே நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா, எரிச்சலில் இருக்கிறீர்களா, யாரையாவது அடிக்கப்போகிறீர்களா என்று கண்டுபிடித்துவிடும். அதற்கேற்ற பாட்டை அந்த நிமிஷமே தானாக உண்டாக்கி உங்கள் காதுக்கு மட்டும் ஊட்டும். அந்தப் பாட்டை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை, இனிமேலும் யாரும் கேட்கப்போவதில்லை. துக்கம் வந்தால் தூக்கிவிடும், கோபம் வந்தால் தட்டிக்கொடுக்கும். இலவசம் என்றதும் நம் ஜனங்கள் இரண்டு காதையும் நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருமுறை பூட்டினால் கம்பெனிக்காரர்கள்தான் கழற்ற முடியும். ஆனால் கழற்றச் சொல்லி யாரும் போனதாக நான் கேள்விப்படவில்லை. கழற்றலாமா என்று ஒரு எண்ணம் வந்தால் அதையும் அது ஆற்றிவிடும்.

நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பஸ்ஸில் காலை மிதித்தால் சண்டை இல்லை. தண்ணீர் வராவிட்டால் மறியல் இல்லை. ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் விரலை உயர்த்திக் கெட்டிமேளம் என்றார். மண்டபத்தில் நானூறு பேர் காதிலும் நானூறு மேளம். ஒருவர் தோளைக் குலுக்கினார், பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணை மூடி உருகினாள், மணப்பெண்ணுக்கு ஏதோ தாலாட்டு ஓடியிருக்க வேண்டும், கொட்டாவி விட்டாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. பந்தி அறையில் சாம்பார் வாளி உருண்டது எனக்கு மட்டும் கேட்டது. அதையே கெட்டிமேளமாக வைத்துக்கொண்டு அட்சதை போட்டுவிட்டு வந்தேன்.

சிரிக்கிற விஷயம் இது. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் அப்பா இறந்தார். என் தங்கை அங்கயற்கண்ணி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அழுகை தொண்டை வரைக்கும் வந்தது, நான் பார்த்தேன். அதற்குள் காதோலை வேலையைக் காட்டிவிட்டது. வாயை மூடிக்கொண்டு, யாருக்கெல்லாம் காப்பி வேணும் என்று கேட்டபடி எழுந்து போனாள். நான் ஒருவன்தான் கத்தி அழுதேன். நூறு பேர் நடுவில் ஒற்றை ஆள் அழுதால் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணியின் மாமனார் ஒச்சப்பன் வந்தவர்களிடம், “காது சரியில்லாத ஆளு, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினாறு நாளும் வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அப்போதுதான் டவுன்ஹால் ரோட்டில் பழைய மின்சாமான் கடை ஒன்றில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் அளவு, இருபத்தேழு ரப்பர் கட்டைகள், மேலே நான்கு திருகுகள், மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். ஒரு காலத்தில் இசை வாங்க வசதியில்லாதவர்களுக்காகவே செய்த மலிவுச் சரக்கு. கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியவில்லை, பெரிய கால்குலேட்டர் என்று சொல்லி ஒரு பிரியாணி விலைக்குத் தள்ளிவிட்டார்.

அதை முதலில் எடுத்துக்கொண்டு போனது கண்ணி வீட்டுக்குத்தான். அவள் புருஷன் தவசி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன மச்சான் இது, ரேடியோவா? எஃப்.எம்.னு போட்ருக்கு.”

“ரேடியோ இல்ல மாப்ள. அதுவும் எஃப்.எம்.தான், இதுவும் எஃப்.எம்.தான், ஆனா இது சத்தம் செய்யிற பொட்டி. உள்ள நாலு அலை இருக்கு. ஒரு அலை இன்னொரு அலையப் பிடிச்சு ஆட்டும். ஆட்டுறவன் சத்தம் வெளிய கேக்காது. ஆடுறவன் சத்தந்தான் கேக்கும்.”

“புரியல.”

“உங்க வீட்டயே எடுத்துக்கங்க. உங்கம்மா அடுப்படிக்குள்ளயே இருக்காக, அவுக சத்தம் எனக்குக் கேக்குறதே இல்ல. ஆனா கண்ணி எங்கூட போன்ல பேசுறப்ப அவ கொரலு எப்படி இருக்கணுங்கிறது உங்கம்மா கையிலதான் இருக்கு. மெதுவா ஆட்டுனா லேசா நடுங்கும். வேகமா ஆட்டுனா வேற யாரோ பேசுற மாதிரி ஆயிரும். இதுக்குள்ள மாமியா அலை ரெண்டு, மருமக அலை ரெண்டு. அம்புட்டுத்தான்.”

காதோலை இல்லாத காலமாக இருந்தால் இதைச் சொன்னதற்கு என் பல் ஒன்று குறைந்திருக்கும். தவசி முகம் ஒரு கணம் சிவந்து, உடனே தணிந்து, நல்லாச் சொன்னீங்க மச்சான் என்று தலையாட்டினார்.

எனக்குப் பாட்டு வராது. சுரம் தெரியாது. லிப்ட் கதவு திறக்கும்போது வருகிற மணியை வைத்து மோட்டாருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பெட்டிக்கு அதுவே போதும். திருகைத் திருப்பினால் எண் மாறும், எண் மாறினால் சத்தத்தின் உடம்பு மாறும். மாமியாரும் மருமகளும் ஒரே வேகத்தில் போனால் எக்காளம் மாதிரி ஒன்று வரும். மாமியாருக்கு இரண்டு மடங்கு வேகம் கொடுத்தால் மரக்குழல். முழு எண்ணில் எல்லாம் ஒழுங்காக, மரியாதையாக இருக்கும். மூன்றரை என்று வைத்துப்பாருங்கள், அப்போதுதான் ருசி. உலோகம் கணகணக்கும். அரைக்கு உள்ள மகிமை அது.

என் சத்தங்களுக்கு ஒரு ரசிகை கிடைத்தாள். கண்ணியின் மகள் பவளம். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. காதோலை பூட்ட இரண்டரை வயதாவது ஆகவேண்டும் என்பதால் வீட்டில் என்னைப் போலவே திறந்த காதோடு இருந்த ஒரே ஜீவன். ஒருநாள் சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து, சுழன்று, சுழன்று படுத்தது. அந்தச் சத்தத்துக்கே பயந்து அழ ஆரம்பித்தாள். நான் பெட்டியை எடுத்து மூன்றரையில் வைத்து, தட்டு விழுந்த மாதிரியே ஒரு அடி அடித்தேன்.

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “டொய்ங்” என்றாள்.

அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அதுதான். மாமா, டொய்ங். சும்மா டொய்ங் என்று அடித்தால் மூன்று தடவைக்கு மேல் அலுத்துவிடும் என்று, அதற்கு முன்னால் பதினோரு சுரத்தில் ஒரு சின்ன மெட்டைக் கட்டினேன். மெட்டு மரக்குழல் சத்தத்தில் மெதுவாகப் படியேறும். மேலே போய் ஒரு இடத்தில் நிற்கும். அங்கே ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம் டொய்ங். சில வாரங்களிலேயே அவளுக்கு அந்த இடைவெளி பிடிபட்டுவிட்டது. கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை விரித்து, மூச்சைப் பிடித்துக் காத்திருப்பாள். டொய்ங் விழும்போது சரியாகக் கைதட்டிவிட்டு உருண்டு சிரிப்பாள். இன்னொரு உயிரோடு சேர்ந்து ஒரே சத்தத்துக்குக் காத்திருக்கிற சுகம் எனக்கு எட்டு வருஷத்துக்குப் பிறகு அவளால்தான் கிடைத்தது. அந்த ஒரு மூச்சு நேரத்துக்காக நான் வாரம் பூராவும் லிப்ட் குழியில் இறங்கி ஏறினேன் என்று சொன்னால் மிகையில்லை.

அவளுக்கு இரண்டே முக்கால் வயதானபோது கண்ணி பத்திரிகையோடு வந்தாள்.

“அண்ணே, பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். குலசாமி கோயில் மண்டபத்துல. கெடா வெட்டு.”

“சந்தோசம். தங்கத்துல சின்னதா ஒரு கம்பி நான் வாங்கியாறேன்.”

“கம்பி இல்லண்ணே. காதோலை.”

நான் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தேன்.

“எல்.கே.ஜி.ல கேக்குறாய்ங்க. காதோலை இல்லாத பிள்ளையச் சேத்துக்க மாட்டாய்ங்களாம். ஒரு பிள்ள அழுதா வகுப்புல மத்த பிள்ளைகளுக்கெல்லாம் தொந்தரவாம்.”

“மத்த பிள்ளைகளுக்குத்தான் காதோலை இருக்கே, அதுகளுக்கு என்ன தொந்தரவு?”

“டீச்சருக்குண்ணே. ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல டீச்சரம்மாவ ஆத்த வேண்டியிருந்தா பள்ளிக்கூடத்துக்கு மார்க்கக் கொறைக்கிறாய்ங்களாம்.”

“எம்மடியில வச்சு அவ காத மூடவிட மாட்டேன். நான் வரல.”

இந்தப் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. மொட்டையடித்து, சந்தனம் பூசி, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் ஆசாரி காதைத் தொடுவார். மாமன் மடி இல்லாமல் குத்தின காது காதாகவே கணக்கில் வராது. நாடு முழுக்க எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த எங்கள் ஆட்கள் இதை மட்டும் விடவில்லை. ஆகவே என் கையில் பிடி இருக்கிறது என்று நினைத்தேன்.

கம்பெனி என்னைவிடப் புத்திசாலி. தாய்மாமன் இல்லாத குடும்பங்கள், தாய்மாமனோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள், தாய்மாமன் துபாயில் இருக்கிற குடும்பங்கள் ஆகியோருக்காக ‘மாமன் மடி’ என்று ஒரு நாற்காலி வைத்திருக்கிறார்கள். வேட்டி கட்டின இரண்டு தொடை, மனிதச் சூடு, பிள்ளை திமிறினால் பிடித்துக்கொள்ள இரண்டு கை. சாய்கிற இடத்தில் லேசாக வியர்வை வாசனைகூட வரும் என்றார்கள். அது குமட்டியதால் ஒச்சப்பன் கண்ணியையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“தம்பி, கறிச்சோறு திங்க வர்றவன் பூராம் மாமன் எங்கடான்னு கேப்பான். நாற்காலியக் காட்டச் சொல்றீகளா?”

“காட்டுங்க. நல்லா வேட்டியெல்லாம் கட்டியிருக்காம்ல.”

அவர் கோபப்படப் பார்த்தார், காதோலை விடவில்லை. பாவம், சிரித்துக்கொண்டே போய்விட்டார். கண்ணி மட்டும் போகவில்லை. வாசற்படியில் நின்றபடி சொன்னாள்.

“நீ வராட்டி நாற்காலில வச்சுக் குத்திருவாய்ங்க. நிக்கப் போறதில்ல. அவ வலில கத்துவா. உன்னையத் தேடுவா. நாற்காலிக்கு என்ன தெரியும்ணே?”

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். காதைத் தொடுவதற்கு முன் மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து, எல்லாரும் கேட்கிறமாதிரி, மூன்று நிமிஷம் நான் என் மெட்டை வாசிப்பேன். அவள் தன் சொந்தக் காதால் கேட்கிற கடைசிச் சத்தம் என் டொய்ங்காக இருக்கட்டும், மற்றவர்கள் அதைக் கேட்கவாவது செய்யட்டும். தவசி சரி என்றார். ஒலிபெருக்கிக்கு அனுமதி மட்டும் நீங்களே வாங்கிக்கோங்க மச்சான் என்றார்.

வெளியிசைக்கு அனுமதி கொடுக்கிற ஆபீசில் எட்வின் செல்லையா என்று ஒரு குமாஸ்தா. திருநெல்வேலிக்காரர். ஆபீசில் வேறு யாரும் இல்லை, வேலையும் இல்லை. என் விண்ணப்பத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“கருவியோட பேரு என்ன போட்ருக்கீக? எஃப்.எம். சிந்தசைசர். சரி அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல இசைக்கருவிங்கற கட்டமே இப்பம் கெடையாதே. ஒம்பது வருசமா எவனும் கேக்கலன்னு எடுத்துப்போட்டாவ.”

“வேற என்ன கட்டம் இருக்கு?”

“கட்சிக் கூட்டம், கண்டனக் கூட்டம், எஃப்.எம். நீங்க எஃப்.எம்.லதான வாறீக?”

“அது வேற எஃப்.எம்.ங்க. ரேடியோ.”

“இதுலயும் அதே ரெண்டு எழுத்துதான போட்ருக்கு. விரிவாக்கம் என்ன?”

சொன்னேன். அவர் பலகையில் தொங்கிய தமிழ்க் கலைச்சொல் பட்டியலைப் பார்த்தார். அதிர்வெண் பண்பேற்றம். ரேடியோவுக்கும் அதுதான், என் பெட்டிக்கும் அதுதான், ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை.

“ரெண்டும் ஒண்ணுதாம்லா” என்று திருப்தியாகச் சொல்லி, எஃப்.எம்., சிறியது, என்று தட்டி உள்ளே அனுப்பிவிட்டார். எனக்கு வேண்டியது அனுமதி. அது என்ன பெயரில் வந்தால் என்ன என்று நானும் கையெழுத்துப் போட்டேன். ஏழு பக்கம் விதிமுறை கொடுத்தார்கள், படிக்கவில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

காதுகுத்து அன்றைக்கு எட்வினே மண்டபத்துக்கு வந்தார். கைக்கு அடக்கமான ஒரு கறுப்புப் பெட்டியை என் சிந்தசைசரின் பின்பக்கத் துளையில் சொருகினார். சத்தம் அளவுக்கு மேல் போகிறதா என்று பார்க்கிற மீட்டர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கறிச்சோறு ஆகவில்லை என்றதும் அவர் ஆபீசுக்கே திரும்பிப் போய்விட்டார்.

பத்தரை மணி. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பவளம் என் இடது தொடையில் உட்கார்ந்திருந்தாள். வலது தொடையில் பெட்டி. எதிரே கம்பெனியில் பயிற்சி பெற்ற ஆசாரி, கையில் துப்பாக்கி மாதிரி கருவி, அதன் நுனியில் மிளகு அளவு காதோலை. சுற்றிலும் முந்நூறு பேர், ஒவ்வொருவரும் தன் தன் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, டொய்ங் என்றாள்.

வாசிக்க ஆரம்பித்தேன். பதினோரு சுரம். ஒரு மூச்சு. அவள் கையைத் தூக்கினாள்.

டொய்ங்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் மண்டபம் முழுக்க எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஏனென்றால் வேறு யாரும் அசையவில்லை. ஆடிக்கொண்டிருந்த தலையெல்லாம் நின்றுவிட்டது. முந்நூறு பேரும் என் பெட்டியைப் பார்த்தார்கள். நான் பயந்துபோய் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தேன், நிறுத்தினால் காதைக் குத்திவிடுவார்களே.

இரண்டாவது டொய்ங்குக்குக் கண்ணி, “அப்பா” என்றாள். ரொம்பச் சின்னக் குரலில். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் தலைமாட்டில் திறந்து மூடிய வாயைத் திறந்து, அப்பா அப்பா என்று அடித்துக்கொண்டு அழுதாள். ஒச்சப்பன் தூணைக் கட்டிக்கொண்டு, எனக்குப் பெயர்கூடத் தெரியாத யாரையோ கூப்பிட்டு அழுதார். தவசி எதற்கு என்று தெரியாமலே அழத் தொடங்கி, பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து அழுதார். ஆசாரி கருவியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ரோட்டில் ஆட்டோக்கள் நின்றன. தெருவில், பக்கத்துத் தெருவில், அதற்கும் அப்பால் எங்கெங்கோ அழுகைச் சத்தம். சமையல்காரர் மட்டும் வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

என் மெட்டு. சுரம் தெரியாத ஒரு லிப்ட் மெக்கானிக்கின் மெட்டு ஒரு ஊரையே அழவைக்கிறது. அந்த நிமிஷம் நான் பட்ட கர்வம் இருக்கிறதே, அதை ஆற்ற எனக்குக் காதோலையும் கிடையாது.

போன் அடித்தது. எட்வின். அவரும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் பேசினார்.

“நிப்பாட்டுங்க அண்ணாச்சி. பத்துக் கிலோமீட்டருக்கு எல்லாவன் காதுலயும் உங்க பாட்டுதான் ஓடுது.”

“எப்படிங்க?”

“நான் சொருகுன கறுப்புப் பொட்டிதான் ஒலிபரப்பி. எஃப்.எம். நெலையம் பேசுனா காதோலை தம் பாட்ட நிறுத்திட்டு அதத்தான் போடணும்னு விதி இருக்காம். வெள்ள எச்சரிக்கைக்காக எழுதுன விதி. அம்புட்டு நேரமும் ஆறுதல் கெடையாது. ஆறுதலா இருந்தா வெள்ளத்துல எவன் ஓடுவான்னு நெனச்சிருக்காவ. எங்கம்மா போயி ஏழு வருசமாச்சு அண்ணாச்சி, இப்பந்தான் அழுதேன்.”

அப்போது எனக்கு விஷயம் புரிந்தது. அழவைத்தது என் மெட்டு இல்லை. ஆறுதல் நின்றது, அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்தாலும் அழுதிருப்பார்கள்.

நான் கையை எடுத்தேன். இரண்டு விநாடியில் மண்டபம் அமைதியானது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவரையொருவர் அசட்டுச் சிரிப்போடு பார்த்தார்கள். ஆனால் ஆசாரியின் கை மட்டும் நடுக்கம் நிற்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் கறிச்சோறு சாப்பிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து சென்னைப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் நிரஞ்சனா. வழக்குப் போட வந்திருக்கிறாள் என்று நான் ஏழு பக்க விதிமுறையையும் எடுத்து வைத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“சார், அந்த மூணு நிமிஷத்துக்கு அப்புறம் உங்க ஏரியாவுல எல்லாருக்கும் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கு. எங்க காதோலையால பத்து வருஷமா இறக்க முடியாத அளவுக்கு. உங்க கம்போசிஷன் எங்களுக்கு வேணும்.”

“அழ வச்சது பாட்டு இல்லம்மா. உங்க காதோலை நின்னுபோச்சு, அதான்.”

“தெரியும் சார். ஆனா காதோலை நின்னா நல்லதுன்னு நாங்களே எப்படி விளம்பரம் பண்றது? பாட்டாலதான்னு சொன்னா எல்லாருக்கும் மரியாதையா இருக்கும்.”

கண்ணீர்ச் சேவை என்று பெயர் வைத்திருந்தார்கள். துக்க வீட்டில் குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் வந்தவர்கள் காதில் என் மெட்டு மூன்று நிமிஷம் ஓடும். ஆறுதல் நிற்கும். அழுவார்கள். பிறகு பழையபடி. ஜனங்கள் நல்லபடியாக அழுதுவிட்டுப் போவார்கள், அதில் என்ன தப்பு என்று அவள் கேட்டாள். எனக்கும் தப்பு தெரியவில்லை. கண்ணி அப்பாவுக்காக அழுததைப் பார்த்தவன் நான். அதோடு, என் டொய்ங்கைக் கம்போசிஷன் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பவளத்துக்குக் காதோலை பூட்டக் கூடாது. பள்ளிக்கூடமும் அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“அவ்வளவுதானா சார்?” என்று அங்கேயே செவி விலக்குச் சான்று அடித்துக் கொடுத்துவிட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டு உபயோகத்துக்கு நான் என் மெட்டை வாசித்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். சான்றைக் கொண்டுபோய்க் கண்ணியிடம் கொடுத்தபோது அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அண்ணே, அன்னைக்கு அழுதேன்ல, நல்லா இருந்துச்சுண்ணே. எதுக்கு நல்லா இருந்துச்சுன்னுதான் ஞாபகம் இல்ல.”

பவளத்துக்கு என் கையால் சாதாரணத் தங்கக் கம்பி போட்டோம். வலியில் ஊரைக் கூட்டிக் கத்தினாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கண்ணீர்ச் சேவை தமிழ்நாடு முழுக்கப் பிய்த்துக்கொண்டு போனது. சாவு வீடு என்றால் சங்கு, பாடை, என் மெட்டு. காதோலை இல்லாதவர்களையும் விடக் கூடாது என்று துக்க வீட்டு வாசலில் சின்ன ஒலிபெருக்கி ஒன்றும் வைத்தார்கள். நான் வேலைக்குப் போகிற வழியில் எந்தத் தெருவிலாவது பதினோரு சுரம் படியேறும், ஒரு மூச்சு, டொய்ங், உடனே ஓவென்று அழுகை. நானும் லிப்ட் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பேன். முதல் மாதம் அழுகையைவிட மெட்டைத்தான் கவனித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏழாவது சுரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும். புது ஊர்களில் லிப்ட் வேலை நிறைய வந்து, ஐந்தாறு மாதம் தங்கை வீட்டுப் பக்கமே போக முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பவளம் எல்.கே.ஜி. சீருடையைப் போட்டுக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமையிலும் போட்டுக்கொள்வேன் என்று அடம். பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதாம். வேனில் ஜன்னல் பக்கம் இவளுக்குத்தானாம், வழியில் நடப்பதையெல்லாம் சொன்னாள். போன வாரம் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு மாலை போட்டிருந்தார்கள் என்றாள். கண்ணி இட்லி எடுத்துவரப் போனாள். நான் பெட்டியை வெளியே எடுத்து, புது பேட்டரி போட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தேன்.

பதினோரு சுரம். மெதுவாகப் படியேறி மேலே நின்றது. ஒரு மூச்சு. நான் அவளைப் பார்த்தேன். அவள் கையைத் தூக்கவில்லை.

டொய்ங்.

கைதட்டல் இல்லை. பவளம் எழுந்து நின்றாள். பெரியவர்கள் செய்கிறமாதிரி உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலை எட்டிப் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மா இருக்கிறாளா என்று பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“மாமா, யாரு செத்துப்போனா?”